விருப்பு வரிசையும் முன்னுரிமை வரிசையும்

பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ இடம் வேண்டுவோர் நிரப்பும் விண்ணப்பப் பத்திரங்களிலே முதலாம் விருப்பு, இரண்டாம் விருப்பு, மூன்றாம் விருப்பு என எண்ணிட்ட கோடுகள் சில இருக்கும். பார்வைக்கு அவை மிக எளியன. ஆயினும் அக்கோடுகளின் முன்னே பேனையைக் கையிலேந்தியவாறு இரவு நெடுநேரம் விழித்திருக்கும் பெற்றார் பலரை நாம் அறிவோம். உண்மையில் விரும்புவதை முதலில் எழுதலாமா, அன்றிக் கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுவதுதான் புத்தியா என்பதே அவர்தம் ஐயம். அயலவர் ஒன்று சொல்வர். ரியூசன் ஆசிரியர் வேறொன்று சொல்வர். கடல்கடந்து வாழும் மைத்துனர் தொலைபேசியிலே மூன்றாவதொன்று சொல்வர். மூவரும் தத்தம் அநுபவத்தைக் கொண்டே பேசுகின்றனராதலின் மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த விதியின் கீழ் அஃது உண்மையாயிற்று என்பதை மாத்திரம் அவர் சொல்லாது விட்டுவிடுவர். இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

இவ்வையத்துக்குத் தெளிவான விடை ஒன்று உண்டு. அது கணித நூலாரால் ஆராய்ந்து நிறுவப்பட்டது. உயர்தர வகுப்பு மாணாக்கர் எவரும் காகிதமும் பென்சிலும் கொண்டு தாமே சரிபார்க்கத்தக்கது. அதனை இம்மலரின் வாயிலாக விளக்க முயல்கின்றோம். எமது கல்லூரியிற் பயின்றோர் இன்று உள்ளூரிலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தம் மக்களுக்கு இடம் தேடுகின்றனர். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகப் பத்திரத்தை நிரப்பப்போகும் மாணாக்கரும் இதனைப் படிப்பர். இரு சாராருக்கும் பயன்படுமாறு எழுதுதல் எம் நோக்கம்.

முதற்கண் இரண்டு சொற்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் இப்பொருள் பற்றிப் பேசுவோர் ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்கி மயங்குவதுண்டு. தமிழிலோ இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கின்றது. விருப்பு என்பது விண்ணப்பிப்பவனுக்கு உரியது. எந்தப் பாடசாலை எனக்கு முதன்மையானது, எது அடுத்தது என்று அவன் அமைக்கும் வரிசை அது. முன்னுரிமை என்பது இடத்தை வழங்குவோர் வகுத்தது. யாரை முதலில் ஏற்போம், யாரை அடுத்து ஏற்போம் என்னும் வரிசை அது. வீட்டின் அண்மை, அண்ணன் அக்காள் அங்கே பயிலுதல், பரீட்சைப் புள்ளி, பெற்றார் பழைய மாணவராயிருத்தல், குலுக்குச் சீட்டு என முன்னுரிமைக்கு அடிப்படைகள் பல. விருப்பு வரிசையைப் பிள்ளை எழுதுகின்றது; முன்னுரிமை வரிசையை விதி எழுதுகின்றது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே அநுமதிச் சிக்கல் முழுவதும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மேலைப் பாடசாலை, நடுப் பாடசாலை, கீழைப் பாடசாலை என மூன்று பாடசாலைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம். ஆறுமுகம், பொன்னையா, சின்னத்துரை என மூன்று மாணாக்கர். ஆறுமுகமும் பொன்னையாவும் மேலையை முதலாவதாகவும் நடுவை இரண்டாவதாகவும் விரும்புகின்றனர். சின்னத்துரைக்கு நடுவே முதலாவது, மேலை இரண்டாவது. கீழைப் பாடசாலையை மூவரும் கடைசியாகவே வைத்தனர். மேலைப் பாடசாலை தன் அயலில் வாழ்வோரை முதலில் ஏற்கும். அதற்கு மிக அண்மையில் இருப்பவன் ஆறுமுகம், அடுத்தவன் பொன்னையா, கடைசியிற் சின்னத்துரை. நடுப் பாடசாலையிலே பொன்னையாவின் அண்ணன் பயில்கின்றான். ஆதலின் அங்கே பொன்னையாவுக்கு முதலிடம், சின்னத்துரைக்கு இரண்டாமிடம், ஆறுமுகத்துக்கு மூன்றாமிடம்.

இனி, "முதல் விருப்புக்கே முதலிடம்" என்னும் முறையாற் பொருத்திப் பார்ப்போம். இம்முறையில் ஒவ்வொரு பாடசாலையும் தன்னை முதலாவதாக எழுதியோரை மாத்திரம் முதலிற் பார்க்கும். இடம் மிஞ்சினாலன்றி இரண்டாவதாக எழுதியோரை ஏறெடுத்தும் பாராது. மேலையை முதலாவதாக எழுதியோர் இருவர். அண்மையால் ஆறுமுகம் இடம் பெறுகின்றான். நடுவை முதலாவதாக எழுதியவன் சின்னத்துரை ஒருவனே. இடம் அவனுக்குப் போகின்றது. பொன்னையா மேலையை இழந்து, தன் இரண்டாம் விருப்பாகிய நடுவுக்கு வருகின்றான். அண்ணன் பயிலும் பாடசாலை; முன்னுரிமைப் பட்டியலில் அவனே முதல்வன். ஆயினும் இடம் போய்விட்டது. அவன் ஒருவரும் விரும்பாத கீழைப் பாடசாலைக்குச் செல்லவேண்டியவனாகின்றான். அவன் செய்த குற்றம் யாது? தன் மனத்தில் இருந்ததை இருந்தவாறே எழுதினான். நடுவையே முதலாவதாக எழுதியிருப்பின் அவ்விடம் அவனுக்கு உறுதியாகக் கிடைத்திருக்கும். பொய் எழுதியிருந்தால் வென்றிருப்பான். மெய் எழுதித் தோற்றான்.

இனி இரண்டாம் முறையைப் பார்ப்போம். இதிலும் ஒவ்வொருவனும் தன் முதலாம் விருப்புக்கே முதலில் விண்ணப்பிக்கின்றான். ஆனால் எந்தப் பாடசாலையும் உடனே உறுதி வழங்குவதில்லை. வந்தோருள் முன்னுரிமை மிக்கவனைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு ஏனையோரைத் திருப்பி அனுப்பும். திருப்பப்பட்டவன் தன் அடுத்த விருப்புக்குச் செல்வான். அங்கே அவனையும் ஏற்கெனவே வைத்திருப்பவனையும் ஒருங்கு நிறுத்திப் பார்த்து, முன்னுரிமை மிக்கவனை வைத்துக்கொண்டு மற்றவனை விடும். திருப்பப்படுவோர் இல்லாதுபோகும்வரை இவ்வாறு நடந்து, இறுதியிலேதான் தற்காலிகம் நிரந்தரமாகும்.

நம் எடுத்துக்காட்டில் ஆறுமுகமும் பொன்னையாவும் மேலைக்கும், சின்னத்துரை நடுவுக்கும் முதலிற் செல்கின்றனர். மேலை ஆறுமுகத்தை வைத்துக்கொண்டு பொன்னையாவைத் திருப்புகின்றது. பொன்னையா நடுவுக்கு வருகின்றான். அங்கே சின்னத்துரை தற்காலிகமாக இருக்கின்றான். ஆயினும் பொன்னையாவுக்கே முன்னுரிமை மிகுதியாதலின் சின்னத்துரை திருப்பப்படுகின்றான். அவன் மேலைக்குச் செல்ல, அங்கே ஆறுமுகம் அவனினும் முன்னிற்கின்றான். முடிவிலே சின்னத்துரை கீழைக்குச் செல்கின்றான். அவன் முகம் வாடுவது உண்மை. ஆனால் "எனக்குப் பின்னிற்க வேண்டியவனுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று அவன் எவரையும் குறைகூற முடியாது. பொன்னையாவோ மெய்யை எழுதியதால் ஒன்றையும் இழக்கவில்லை. மாணாக்கர் விரும்பினால், பொன்னையாவின் வரிசையை எவ்வாறு மாற்றி எழுதினும் இம்முறையில் அவனுக்கு நடுவினும் மேலானது கிட்டாது என்பதைத் தாமே செய்து காணலாம்.

இவ்விரண்டாம் முறையை வகுத்து வெளியிட்டோர் டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர். 1962 ஆம் ஆண்டு கணித சஞ்சிகை ஒன்றிலே அவர்கள் எழுதிய கட்டுரை ஏழு பக்கத்துள் அடங்கியது. கல்லூரி அநுமதியையும் திருமணப் பொருத்தத்தையும் ஒரே கணக்காகக் கண்டது அக்கட்டுரை. சாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய எமக்கு இவ்வொப்புமை வியப்பளிப்பதன்று! அதில் சமன்பாடுகளைக் காண்பது அரிது, வரைபடம் இல்லை, சாதாரண சொற்களாலேயே நிறுவல் நடைபெறுகின்றது. கணிதம் என்பது எண்ணும் குறியும் மாத்திரமே என்று எண்ணியிருக்கும் மாணாக்கர் அதனைத் தேடிப் படித்தல் நன்று. விண்ணப்பிப்போர் முறையாற் செல்லும்போது மெய்யான வரிசையை எழுதுவதே அவர்களுக்கு எக்காலும் நலம் என்பது பின்னர் 1981, 1982 ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டது. அமெரிக்காவிலே இளம் வைத்தியர்களை வைத்தியசாலைகளுக்குப் பங்கிடுவோர் 1952 முதல் கையாண்டு வந்த முறையும் சாராம்சத்தில் இதுவே என்பதை அல்வின் றொத் என்னும் பொருளியலறிஞர் 1984 இல் எடுத்துக்காட்டினார். தேவை நெருக்கியபோது வைத்தியத்துறையினர் கணித நூலாருக்குப் பத்தாண்டுகள் முன்னரே வழிகண்டுவிட்டனர். றொத், ஷாப்லி இருவருக்கும் 2012 ஆம் ஆண்டுப் பொருளியல் நொபெல் பரிசு கிடைத்தது. கேல் 2008 இல் மறைந்துவிட்டார்.

முதல் விருப்புக்கே முதலிடம் கொடுக்கும் முறை வெறும் ஏட்டுக் கற்பனை என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே 2005 ஆம் ஆண்டு வரை அரசாங்கப் பாடசாலை இடங்கள் இவ்வாறே பங்கிடப்பட்டன. அந்நகரின் முன்னுரிமை வரிசை ஒழுங்கானதே: உடன்பிறந்தார், நடந்து செல்லும் தூரத்தில் வாழ்வோர், அதன்பின் குலுக்குச் சீட்டு. குறை பொருத்தும் முறையிலேதான் இருந்தது. ஊக்கமும் ஓய்வும் உடைய பெற்றார் கூட்டங்கூடி, எந்தப் பாடசாலைக்கு எவ்வளவு போட்டி எனக் கணக்கெடுத்து, போட்டி குறைந்ததும் தமக்கு ஏற்றதுமான ஒன்றை முதலாவதாக எழுதுமாறு தம்முள் அறிவுரை பகிர்ந்துகொண்டனர். அவர்களை நாம் பழிக்கவில்லை; விதி அவ்வாறு எழுதச் சொல்லிற்று, அவர்கள் எழுதினர். ஆனால் இரவு வேலைக்குப் போகும் தாய்க்கும், அவ்வூர் மொழி அறியாது வந்து குடியேறிய தந்தைக்கும் அக்கூட்டங்களில் இடமேது? அவர்கள் பத்திரத்திலே "முதலாம் விருப்பு" என்றிருந்ததை அச்சொல்லின் பொருளிலேயே எடுத்துக்கொண்டனர். பொன்னையாவுக்கு நேர்ந்தது அவர்தம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது. 2003 இல் அப்துல்காதிரோக்லு, சொன்மெஸ் என்னும் துருக்கியப் பெயருடைய அறிஞர் இருவர் இக்குறையை ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் வெளிப்படுத்தினர். 2005 யூலையில் நகரப் பாடசாலைச் சபை அம்முறையைக் கைவிட்டு, திருப்பி அனுப்பி வைத்துக்கொள்ளும் முறையை ஏற்றுக்கொண்டது.

நியூயோர்க்கிலே நிலைமை வேறு விதமாகக் கெட்டிருந்தது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 90,000 பிள்ளைகள் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு விண்ணப்பித்தனர். ஐந்து விருப்புகளே எழுதலாம். தம்மை முதலாவதாக எழுதாதவரைச் சில பாடசாலைகள் கருதுவதேயில்லை. முப்பதினாயிரம் பிள்ளைகள்வரை தாம் எழுதாத பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டனர். 2004 ஆம் ஆண்டு அநுமதிக்குப் புதிய முறை புகுத்தப்பட்டு, பன்னிரண்டு விருப்புகள் வரை எழுத இடமளித்தபோது அத்தொகை மூவாயிரமளவாகக் குறைந்தது. ஒரு கட்டிடமும் புதிதாக எழும்பவில்லை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இங்கிலாந்தில் வாழும் எம்மவர் இதனை ஊன்றிக் கவனிப்பார்களாக. 1983 ஆம் ஆண்டின் பின்னர் அந்நாட்டுக்குப் பெருந்தொகையாகப் பெயர்ந்த எமது மக்கள், தம் பிள்ளைகளுக்கு இடம் தேடிய காலத்திலே அங்கும் பல பாடசாலைகள் முதல் விருப்புக்கே முதலிடம் என்னும் விதியைக் கைக்கொண்டிருந்தன. ஒருங்கிணைந்த பங்கீடு இல்லாமையால் ஒரு பிள்ளையின் கையில் மூன்று இடங்கள் இருக்க, மற்றொரு பிள்ளை ஓரிடமுமின்றிக் காத்திருக்கவும் நேர்ந்தது. முதலாவதாக எழுதாவிட்டால் பார்க்கமாட்டார்கள் என்ற அறிவுரை அக்காலத்திற்குப் பொருத்தமானதே. அவ்வறிவுரையைப் பெற்றோர் இன்று பேரப்பிள்ளைகளுக்கும் அதனையே சொல்கின்றனர். ஆனால் விதி மாறிவிட்டது. 2005 ஆம் ஆண்டு அநுமதி முதல் இலண்டன் நகர அதிகார சபைகள் ஒருங்கே பங்கீடு செய்யத் தொடங்கின. 2007 இல் வெளியான அநுமதிக் கோவை முதல் விருப்புக்கே முதலிடம் கொடுத்தலை இங்கிலாந்து முழுவதிலும் தடைசெய்தது. இப்போது எல்லா விருப்புகளும் சமமாகவே கருதப்படுகின்றன. தன்னைப் பெற்றார் முதலாவதாக எழுதினரா ஆறாவதாக எழுதினரா என்பதை முன்னுரிமை வகுக்கும்போது பாடசாலை கருதவே முடியாது. பாடசாலை தன் விதிப்படி எல்லோரையும் வரிசைப்படுத்தும். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று பாடசாலைகளில் இடம் வாய்க்குமாயின், அவற்றுள் பெற்றார் மேலே எழுதியது எதுவோ அதனை மாத்திரம் அதிகார சபை வழங்கி ஏனையவற்றைப் பிறர்க்கு விடும். ஆகவே அங்கே மெய்யான வரிசையை எழுதுவதால் நட்டமில்லை. கணக்குப் போட்டு மாற்றி எழுதுவதால் இலாபமுமில்லை. கிடைத்துவிடுமென்று இரண்டாந்தர விருப்பை முதலில் எழுதுவோன், முதற்றரமானது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதனைத் தானே தள்ளிவிடுகின்றான்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லாது விடலாகாது. ஒன்று, ஒரே பாடசாலையை மாத்திரம் எழுதி ஏனைய கோடுகளை வெறுமையாக விட்டால் அதிகாரிகள் வேறு வழியின்றி அதனையே தருவர் என்று நம்புவோர் உளர். அது வீண் நம்பிக்கை. முன்னுரிமை போதாதெனின் அவ்விடம் கிட்டாது. பிறர் எடுத்து மிஞ்சிய இடங்களுள் ஒன்றே வரும். அது தூரத்தே இருத்தலும் கூடும். மற்றது, கோடுகளின் தொகை பற்றியது. இலண்டனில் ஆறு விருப்புகள் எழுதலாம். வேறு பல இடங்களில் மூன்றுதான். எழுதத்தகும் பாடசாலைகள் பத்து இருக்க, கோடுகள் மூன்றே இருப்பின், எல்லாவற்றையும் எட்டாத உயரத்திற் கட்டிவிடலாகாது. கடைசிக் கோட்டிலே, கடந்த ஆண்டுகளின் தூரக் கணக்கைப் பார்த்து, ஏறக்குறைய உறுதியாகக் கிடைக்கும் ஒன்றை எழுதுதல் வேண்டும். எவற்றை எழுதுவது என்பதில் நிதானம் வேண்டும். எழுதியவற்றை எவ்வாறு அடுக்குவது என்பதில் உண்மை ஒன்றே போதும். அங்கே இடைநிலைப் பாடசாலைக்கு ஒக்டோபர் 31 உம் ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15 உம் இறுதி நாள்கள். பிந்தி வருவன, நேரத்துக்கு வந்தவை முடிந்தபின்னரே பொதுவாகக் கவனிக்கப்படும். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் மேலான பாடசாலையின் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடுமென அஞ்ச வேண்டா; அப்பட்டியல் முன்னுரிமைப்படியே அமைவது, முந்திப் பதிந்தோர் என்ற கணக்கு அதிலில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தோர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பத்திரத்திலே கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து விருப்பு வரிசை எழுதுகின்றனர். இங்கே முன்னுரிமை என்பது இசட் புள்ளி. 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் வழக்கில் வந்த இப்புள்ளி, ஒரு பாடத்தில் ஒருவன் பெற்றது அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை அளப்பது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு நாற்பது வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், ஐம்பத்தைந்து வரை மாவட்ட வரிசையிலும், ஐந்து வரை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்பட்டு வந்துள்ளன. யாழ்ப்பாணம் உட்படப் பதினாறு மாவட்டங்கள் அவ்வசதி குறைந்தவற்றுள் அடங்கின.

இப்பங்கீட்டிலே புள்ளி கூடியவனின் பத்திரம் முதலில் எடுக்கப்பட்டு, அவன் எழுதிய வரிசையில் இடமுள்ள மிக மேலான விருப்பு அவனுக்கு வழங்கப்படுகின்றது. எனவே எல்லோரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படும் இவ்விடத்திலும் மெய்யான வரிசையே தக்க வரிசை. ஆயினும் ஆண்டுதோறும் ஆசிரியர்கள் கேட்கும் பேச்சு வேறு. "கொழும்பு மருத்துவ பீடத்தை முதலாவதாக எழுதிக் கிடையாதுபோனால், இரண்டாவதாக எழுதிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் போய்விடும், ஆகவே யாழ்ப்பாணத்தையே முதலில் எழுது" என்கின்றனர். போகாது. கொழும்புக்கு உன் புள்ளி போதாதெனில், யாழ்ப்பாணத்தை முதலாவதாக எழுதியவனும் நீயும் அங்கே ஒரே நிரையில், புள்ளியைக் கொண்டு மாத்திரமே ஒப்பிடப்படுவீர்கள். யாழ்ப்பாணத்தையே மெய்யாக விரும்புவோன் அதனை முதலில் எழுதட்டும். பலர் அவ்வாறு விரும்புவதற்குத் தக்க காரணங்களும் உள்ளன. அச்சத்தால் எழுதுதல் வேறு.

கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவற்றின் இறங்கு வரிசையையே தம் விருப்பு வரிசையாகப் பிரதிசெய்வோர் இன்னொரு சாரார். வெட்டுப்புள்ளி என்பது மற்றவர்கள் சென்ற ஆண்டு எதை விரும்பினர் என்பதன் சுவடு. நீ எதை விரும்புகின்றாய் என்பதை அது சொல்லாது. தாவரவியலில் ஈடுபாடுள்ள ஒருவன், வெட்டுப்புள்ளி உயர்ந்தது என்பதற்காக வேறொரு கற்கைநெறியை விவசாயத்துக்கு மேலே எழுதினால், அது கிடைத்தபின் விவசாயம் கருதப்படாது. மேலான விருப்புக் கிடைத்தவரைக் கீழான விருப்புகளுக்கு எடுப்பதில்லை என்பது விதி. நான்கு ஆண்டுகளை அவன் பிறர் விருப்பிற் கழிக்க நேரும். வெட்டுப்புள்ளிப் பட்டியலின் பயன், வரிசை எங்கே முடியவேண்டும் என்று அறிவதிலேயே உண்டு. கடைசி விருப்பு வரைக்கும் எட்டாதவற்றையே எழுதினோர் ஓரிடமுமின்றி நிற்பர்.

இதுகாறும் விருப்பு வரிசையைப் பற்றிப் பேசினோம். முன்னுரிமை வரிசை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்குக் கேலும் ஷாப்லியும் விடை தரவில்லை, தரவும் முடியாது. எந்த முன்னுரிமையைக் கொடுத்தாலும் அவர்தம் முறை அதனை ஒழுங்காக நிறைவேற்றும். நியாயமான வரிசையையும் நிறைவேற்றும், நியாயமற்றதையும் நிறைவேற்றும். 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் என்னும் பெயரால் மொழி வாரியாகப் புள்ளிகள் மாற்றப்பட்டபோது எம்மாணாக்கர் இழந்தவை இழந்தவையே. அவர்கள் விருப்பு வரிசையை எவ்வளவு செவ்வையாக எழுதியிருந்தாலும் பயன் விளைந்திராது. அங்கே குறை முன்னுரிமையில் இருந்தது. ஆதலின் எந்தக் குறை எந்த வரிசையைச் சேர்ந்தது என்று முதலில் அறிந்து, அதன்பின்னரே வாதிடல் தகும்.

இது எமது சொந்த வீட்டுக்கதவையும் தட்டுகின்றது. அரசாங்கப் பாடசாலைகளின் முதலாந்தர அநுமதிக்கு 2010களில் வெளிவந்த சுற்றுநிருபங்களின்படி, இடங்களிற் பாதி பாடசாலைக்கு அண்மையில் வாழ்வோர் பிள்ளைகளுக்கும், நூற்றுக்கு இருபத்தைந்து பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், பதினைந்து அங்கே பயில்வோரின் உடன்பிறந்தாருக்கும், எஞ்சியவை கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர் முதலியோரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. நால்வருள் ஒருவர் எம் பங்கில் வருகின்றனர். பழைய மாணவர் பிரிவிலே தந்தையோ தாயோ அப்பாடசாலையிற் பயின்ற ஆண்டுகளுக்கும், அடைந்த சித்திகளுக்கும், விளையாட்டு முதலிய துறைகளில் ஈட்டிய தகைமைகளுக்கும், பழைய மாணவர் சங்க அங்கத்துவத்துக்கும் புள்ளிகள் வழங்கப்பட்டன.

இதற்குச் சார்பாகச் சொல்லத்தக்கவை உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரு பாடசாலையோடு பிணைந்த குடும்பங்கள் அதன் கட்டிடத்துக்கும் நூல்நிலையத்துக்கும் கைகொடுக்கின்றன. யுத்த காலத்திலே பல பாடசாலைகளின் கூரைகளை மீண்டும் வேய்ந்தோர் பழைய மாணவரே. எதிராகச் சொல்லத்தக்கதும் உண்டு. ஒருவன் தன் குடும்பத்திலே முதன்முதலாகப் பாடசாலையை மிதித்தவனாயின், அவன் பிள்ளைக்கு எந்தப் பாடசாலையிலும் பழைய மாணவன் மகன் என்ற உரிமை இல்லை. மலைநாட்டிலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய தொழிலாளியின் மகனும், இடம்பெயர்ந்து வந்து ஊரோரத்தில் வாடகை வீட்டில் வாழ்வோன் மகளும் அந்தக் கால்பங்கை வேலிக்கு வெளியே நின்றே பார்க்கவேண்டியவர்கள். அண்மைப் பிரிவிலோ வதிவிடத்தை நிறுவ உறுதியும் வாக்காளர் இடாப்பும் கேட்கின்றனர். வாடகை வீட்டில் ஆண்டுக்கொருமுறை மாறி வாழ்வோருக்கு அதுவும் எளிதன்று.

பழைய மாணவர் உரிமையை ஒழித்துவிட வேண்டுமென்பது எம் துணிபன்று. ஆனால் அது சலுகையென்பதை மறந்து, பிறப்புரிமைபோல் நாம் பேசத் தொடங்குவது தகாது. அங்கத்துவத்துக்குப் புள்ளியுண்டு என்பதனால், பிள்ளைக்கு நான்கு வயதானதும் சங்கத்தில் ஆயுட்சந்தா கட்டி, பிள்ளை வகுப்பேறியபின் ஒரு கூட்டத்துக்கும் வாராத அங்கத்தவரை எந்தச் சங்கத்தின் காரியதரிசியும் அறிவார். அத்தகையோர் பெயரேடு நீளுமளவுக்கு அந்தக் கால்பங்கை நியாயப்படுத்தும் வாதம் மெலிகின்றது. பாடசாலைக்கு உண்மையாக உழைத்தமைக்குக் கூடிய நிறையும், வெறும் அங்கத்துவத்துக்குக் குறைந்த நிறையும் கொடுக்குமாறு சங்கங்களே கல்வி அமைச்சைக் கேட்கலாம். கேட்டால் எம்முட் சிலருக்கு நட்டம் வரும். வரட்டும். அந்நட்டத்தை ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுமென்று அங்கத்தவரைக் கேட்டுக்கொள்கின்றோம்.